சி ப்ரோக்ராமுக்குள்ள லுவா வச்சிருக்கேன், டெய்லி சாயந்திரம் அஞ்சு மணிக்கு செத்துடுது

கொலுசுப்பட்டறை | செவ்வாய்ப்பேட்டை | ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டைல எங்களுக்கு வெள்ளிக் கொலுசு பட்டறை, அப்பா பாத்துக்கறாரு, எடை மெஷினுக்கு ப்ரோக்ராம் எழுதினது நான். காலைல ஆளுங்களுக்கு வெள்ளிய எடை போட்டு குடுப்போம், சாயந்திரம் செஞ்ச கொலுசை எடை போட்டு வாங்குவோம், சேதாரம் எவ்வளவு கூலி எவ்வளவுனு நடுவுல கணக்கு. மெஷின் ஆர்எஸ்-232 வயர்ல செகண்டுக்கு 8 தடவ எடை அனுப்பும், தட்டு காலியா இருந்தாலும் அனுப்பிட்டே இருக்கும். அதை படிக்கிறது சி-ல, ராஸ்பெரி பை-ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஓடுது. ஆனா கூலி கணக்கு பட்டறைக்கு பட்டறை மாறும், டிசைன் மாறினா மாறும், டச் (வெள்ளியோட சுத்தம்) மாறினா சேதாரம் மாறும், ஒவ்வொரு தடவையும் நான் போய் கம்பைல் பண்ணி குடுத்துட்டு இருக்க முடியாதுனு கணக்கை மட்டும் தனியா லுவா-ங்கற குட்டி ஸ்கிரிப்ட் மொழில ஒரு ஃபைல்ல போட்டு, லுவா 5.4-ஐ என் சி ப்ரோக்ராமுக்குள்ளயே சேத்துட்டேன். அப்பாவே அந்த ஃபைலை திறந்து கூலிய மாத்திக்கறாரு, அது வரைக்கும் சந்தோஷம்.

பிரச்சனை என்னன்னா காலைல எட்டரைக்கு ஆன் பண்ணா சாயந்திரம் அஞ்சு, அஞ்சேகால் வரைக்கும் ஒழுங்கா ஓடுது. அதுக்கப்புறம் கூலி எல்லாம் 0-னு காட்டுது, கொஞ்ச நேரத்துல செக்மென்டேஷன் ஃபால்ட்னு (தொடக் கூடாத மெமரிய தொட்டா வர்ற எர்ரர்) மூடிக்குது. சரியா ஆளுங்க கொலுசு கொண்டு வந்து நிக்கிற நேரம். போன வாரம் ஒரு நாள் மட்டும் சாகல, அன்னைக்கு மத்தியானம் கரண்ட் போய் பை ரீஸ்டார்ட் ஆச்சு. எங்க தேடறதுனே தெரியல, யாராச்சும் சொல்லுங்க.

---

பழைய_சி_ஆள் | சூரமங்கலம் | ஞாயிறு இரவு 10:05

தம்பி, கரண்ட் போன நாள் சாகலைங்கறதுலயே பாதி விடை இருக்கு. ஏதோ ஒண்ணு சேந்துக்கிட்டே போகுது, ரீஸ்டார்ட் பண்ணா காலியாகுது. லுவா ஃபங்ஷனை சி-ல இருந்து எப்படி கூப்பிடறீங்க, பதிலை எப்படி எடுக்கறீங்கனு வரிசையா எழுதுங்க. சி-யும் லுவாவும் வேல்யூவை மாத்திக்கறது ஸ்டாக்-ங்கற ஒரு அடுக்கு வழியா, எடுத்ததுக்கு அப்புறம் அந்த ஸ்டாக்ல இருந்து பாப் பண்றீங்களா, அதாவது வச்சதை எடுத்துப் போடறீங்களா?

---

கொலுசுப்பட்டறை | ஞாயிறு இரவு 10:21

அண்ணா, லுவா_கெட்குளோபல் போட்டு கணக்கு ஃபங்ஷனை எடுப்பேன், எடைய புஷ் பண்ணுவேன், லுவா_பீகால்-ல ஒரு ஆர்க்யுமென்ட் ஒரு ரிசல்ட்னு குடுப்பேன். ஸ்கிரிப்ட் ஒரு டேபிள் திருப்பும், அதுல கூலி, சேதாரம், பில்லுல போடற பேர்னு மூணு இருக்கும். மூணையும் லுவா_கெட்ஃபீல்ட் போட்டு எடுத்துக்கறேன். அவ்வளவுதான், பாப் எதுவும் பண்ணல. ஃபங்ஷன் முடிஞ்சா லுவாவே சுத்தம் பண்ணிடும்னு தானே படிச்சேன்?

---

பழைய_சி_ஆள் | ஞாயிறு இரவு 10:58

அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க, நீங்க படிச்சதும் தப்பில்ல. லுவா சி-யை கூப்பிடறது ஒண்ணு, சி லுவாவை கூப்பிடறது இன்னொண்ணு. ஸ்கிரிப்ட் உங்க சி ஃபங்ஷனை கூப்பிட்டா அந்த ஃபங்ஷனுக்குனு புதுசா ஒரு ஸ்டாக் பகுதி கிடைக்கும், நீங்க ரிட்டர்ன் பண்ற எண்ணிக்கைக்கு மேல இருந்து அத்தனை வேல்யூவை மட்டும் லுவா எடுத்துக்கிட்டு மீதியை தூக்கிப் போட்டுடும். ஆனா உங்க மெயின் லூப்பை யாரும் கூப்பிடல, அதுதான் அடிமட்டம், அங்க வச்சதை எடுக்க உங்களை விட்டா ஆள் கிடையாது.

இப்ப கணக்கு போடுங்க. ஒரு எடைக்கு டேபிள் ஒண்ணு, ஃபீல்ட் மூணு, ஆக 4 இடம் ஸ்டாக்ல தங்குது. செகண்டுக்கு 8 எடை, அப்ப செகண்டுக்கு 32. லுவா 5.4-ல ஸ்டாக்குக்கு உச்ச வரம்பு 10 லட்சம் இடம். 10 லட்சத்தை 32-ஆல வகுத்தா 31,250 செகண்ட், அதாவது 8 மணி 40 நிமிஷம். எட்டரைக்கு ஆன் பண்ணா 5:10. உங்க அஞ்சு, அஞ்சேகால் அதுதான்.

கூலி ஏன் 0 வருதுனா, லுவா_பீகால் எர்ரர் வந்தா அதை பிடிச்சு, ஓகேவா இல்லையானு ஒரு நம்பர் திருப்பும், அதை நீங்க பாக்கல. அஞ்சு பத்துக்கு அது டேபிளுக்கு பதிலா ஸ்டாக் ஓவர்ஃப்ளோ-ங்கற எர்ரர் ஸ்ட்ரிங்கை மேல வச்சுட்டு வருது. நீங்க அந்த ஸ்ட்ரிங்கை டேபிள்னு நெனச்சு கூலி ஃபீல்டை கேக்கறீங்க. லுவால ஸ்ட்ரிங்குக்கும் மெட்டாடேபிள் (ஃபீல்டை கேட்டா எங்க தேடணும்னு சொல்ற டேபிள்) இருக்கறதால அது எர்ரர் கூட ஆகாது, நில், அதாவது ஒண்ணுமில்லனு வரும், நில்-ஐ நம்பரா மாத்தினா 0. ஒரு ஆளோட ஒரு நாள் கூலி 0-னு பில்லுல விழறது சின்ன விஷயம் இல்ல தம்பி, முதல்ல ரிட்டர்ன் நம்பரை செக் பண்ணுங்க, ஓகே இல்லன்னா மெசேஜை லாக்-ல எழுதிட்டு கணக்கை நிறுத்துங்க.

இன்னொண்ணு, 10 லட்சம்ங்கறது லுவா தானா வளத்துக்கிட்டு போனதால கிடைச்ச இடம். உங்களுக்கு உறுதியா தர்றது 20 இடம்தான். அதுக்கு மேல வேணும்னா லுவா_செக்ஸ்டாக் போட்டு கேட்டு வாங்கணும், கேக்காம வச்சா மெமரி எங்க வேணா கெடலாம், கடைசில வர்ற செக்மென்டேஷன் ஃபால்ட் அந்த வகைதான். லுவாவை கம்பைல் பண்றப்ப லுவா_யூஸ்_ஏபிஐசெக் ஆன் பண்ணிக்கோங்க, வரம்பு தாண்டின அந்த வரியிலயே நிறுத்தி காட்டும், சாயந்திரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

உங்க பட்டறைல வெள்ளி குடுக்கறப்ப ஒரு எடை வாங்கறப்ப ஒரு எடை எழுதறீங்க இல்ல, அதையே இங்கயும் செய்யுங்க. கூப்பிடறதுக்கு முன்னாடி லுவா_கெட்டாப் போட்டு ஸ்டாக்ல எத்தனை இருக்குனு எடுத்து வைங்க, வேலை முடிஞ்சதும் லுவா_செட்டாப் போட்டு அதே அளவுக்கு இறக்குங்க. நடுவுல எர்ரர் வந்து வெளிய போற வழிக்கும் இதே கணக்குதான், அந்த வழியத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க.

---

ஆத்தூர்_ஜவ்வரிசி | ஆத்தூர் | திங்கள் காலை 7:30

நடுவுல ஒரு கேள்வி, கூலி ரேட்டை ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வச்சு படிச்சா போதாதா, இதுக்கு எதுக்கு ஒரு லாங்குவேஜையே உள்ள வைக்கணும்? எங்க சேகோ ஃபேக்டரில மாவு ஈரப்பதத்துக்கு அப்படித்தான் வச்சிருக்கோம்.

---

கொலுசுப்பட்டறை | திங்கள் காலை 8:10

ரேட் மட்டும்னா போதுங்க. ஆனா எங்களுக்கு எழுபது டச்சுக்கு ஒரு கணக்கு, அதுல சலங்கை அதிகமா இருந்தா வேற, சின்னப் பசங்க சைஸா இருந்தா கூலி எடைக்கு இல்ல ஜோடிக்கு, இப்படி இருந்தா இல்லன்னா-னு போயிட்டே இருக்கு. டெக்ஸ்ட் ஃபைல்ல ஆரம்பிச்சு கடைசில நானே அரைகுறையா ஒரு லாங்குவேஜ் எழுத வேண்டி வந்துச்சு, அப்பதான் லுவாவுக்கு மாறினேன்.

---

பழைய_சி_ஆள் | திங்கள் காலை 8:45

லுவா பொறந்ததே இதே தேவைக்குத்தான். பிரேசில்ல ரியோ நகரத்து கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துல, பெட்ரோப்ராஸ் எண்ணெய் கம்பெனி இன்ஜினியருங்களுக்காக டெல், சோல்-னு ரெண்டு குட்டி மொழி வச்சிருந்தாங்க, டேட்டா நிரப்பறதுக்கும் ரிப்போர்ட் அமைக்கிறதுக்கும். பயன்படுத்தறவங்க இன்னும் இன்னும்னு கேக்க, ரெண்டையும் சேத்து 1993-ல ரொபர்ட்டோ ஜெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகிரெடோ, வால்டெமார் செலஸ் மூணு பேரும் லுவாவை உண்டாக்கினாங்க. போர்ச்சுகீஸ்ல சோல்னா சூரியன், லுவானா நிலா. அமெரிக்கால ஜான் ஆஸ்டர்ஹவுட் டிக்கிள் எழுதினதும் இதே காரணம், ஒவ்வொரு டூலுக்கும் ஒரு அரைகுறை கமாண்ட் லாங்குவேஜ் எழுதறதுக்கு பதிலா ஒண்ணே ஒண்ணு எழுதி எல்லா சி ப்ரோக்ராமுக்குள்ளயும் வைக்கலாம்னு.

---

கடைசிவருஷம் | அஸ்தம்பட்டி | திங்கள் மாலை 6:15

நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கறேன், ப்ராஜெக்ட்ல கேமரா படத்தை பைத்தான்ல பிக்சல் பிக்சலா ஓட்டறேன், ரொம்ப ஸ்லோ. சி-ல எழுதி பைத்தான் மாட்யூலா சேக்க சொல்றாங்க. பைத்தான்லயும் இந்த மாதிரி ஸ்டாக் புஷ் பாப் எல்லாம் இருக்கா?

---

மலைக்காப்பி | ஏற்காடு, ஒண்டிக்கடை பக்கம் | திங்கள் இரவு 8:50

தம்பி, நான் கிட்டத்தட்ட இதையேதான் செஞ்சேன், அதனால விலாவாரியா சொல்றேன். எங்க எஸ்டேட்ல காபிக் கொட்டைய தட்டுல பரப்பி மேல இருந்து ஃபோட்டோ எடுத்து, கறுப்பு எவ்வளவு உடைஞ்சது எவ்வளவுனு எண்ற ஒரு செட்டப். 640-க்கு 480 படம், அதாவது 3,07,200 பிக்சல். பைத்தான் லூப்ல ஓட்டினா ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு ஆப்ஜெக்ட் எடுத்து, டைப் பாத்து, கூட்டி, திருப்பி வச்சுனு அதுக்கே நேரம் போயிடும், சி-ல அது வெறும் பைட்டு. மாத்தினப்புறம் தட்டு வச்ச உடனே விடை வந்துச்சு.

பைத்தான்ல ஸ்டாக் கண்ணுக்கு தெரியாது, ஆப்ஜெக்ட்டோட பாயிண்டரே, அதாவது மெமரில அது இருக்கற அட்ரஸே, உன் கைக்கு வரும். அதுக்கு பதிலா ரெஃபரன்ஸ் கவுண்ட். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்லயும் தன்னை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கனு ஒரு நம்பர் இருக்கும், 0 ஆனா அது அழிஞ்சுடும். பிடிச்சா பை_இன்க்ரெஃப், விட்டா பை_டெக்ரெஃப். சிக்கல் எங்கன்னா சில ஃபங்ஷன் உனக்கே உனக்குனு குடுக்கும், நீதான் டெக்ரெஃப் பண்ணணும். சிலது பாத்துட்டு தர்றதுக்கு மட்டும் இரவல் குடுக்கும், அதை டெக்ரெஃப் பண்ணக் கூடாது. பைலிஸ்ட்_கெட்ஐட்டம் இரவல். பைலிஸ்ட்_செட்ஐட்டம் நேர் எதிர், நீ குடுக்கறதை அதுவே சொந்தமாக்கிக்கும், அப்புறம் நீ டெக்ரெஃப் பண்ணா தப்பு. பேரைப் பாத்தா ரெண்டும் ஜோடி மாதிரி இருக்கும், நடத்தை வேற வேற, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் டாக்குமெண்ட்ல இந்த ஒரு விஷயத்தை பாத்துட்டு எழுது.

நான் மாட்டினதை சொல்றேன். கொட்டைங்களோட பரப்பளவு லிஸ்டை வாங்கி பெருசு சிறுசுனு பிரிக்கிற ஒரு சி ஃபங்ஷன். அதுல கெட்ஐட்டம் எடுத்து, வேலை முடிஞ்சதும் பொறுப்பா டெக்ரெஃப் போட்டுட்டேன். டெஸ்ட்டுக்கு 10, 20, 30-னு ஒரு லிஸ்ட் குடுத்தேன், ஆயிரம் தடவ ஓட்டினேன், ஒண்ணும் ஆகல. நிஜ தட்டு வச்சேன், ரெண்டாவது படத்துலயே கிராஷ், அதுவும் இந்த ஃபங்ஷன்ல இல்ல, வேற எங்கயோ லிஸ்ட் அழியற இடத்துல. ரெண்டு ராத்திரி தேடினேன், மலைல மழை, கரண்ட் வர்றதும் போறதுமா இருந்துச்சு. காரணம் என்னன்னா, பைத்தான் -5-ல இருந்து 256 வரைக்கும் நம்பருங்களை முன்னாடியே செஞ்சு வச்சுக்கும், 3.12-ல இருந்து அதுங்களுக்கு சாவே கிடையாது, டெக்ரெஃப் பண்ணாலும் கவுண்ட் இறங்காது. என் டெஸ்ட் நம்பர் எல்லாம் 256-க்குள்ள. நிஜ கொட்டை ஒவ்வொண்ணும் 300, 400 பிக்சல். அதுங்க நிஜமாவே அழிஞ்சுடுச்சு, லிஸ்ட் மட்டும் செத்ததோட அட்ரஸை பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. டெஸ்ட் எழுதறப்ப ஆயிரத்துக்கு மேல நம்பர் போடு, இது என் அனுபவத்துல சொல்றது. பைத்தான் 3.13-ல பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப்-னு ஒண்ணு வந்திருக்கு, அது இரவல் தராது, சொந்தமா குடுக்கும், புதுசா எழுதறவங்க அதையே பழகிக்கலாம்.

---

கடைசிவருஷம் | திங்கள் இரவு 9:30

ரொம்ப நன்றி அக்கா. பைத்தான்ல இருந்து சி லைப்ரரியை நேரா கூப்பிடற சிடைப்ஸ் போட்டா இதெல்லாம் வேண்டாம்னு ஃப்ரெண்டு சொல்றான், உண்மையா?

---

மலைக்காப்பி | திங்கள் இரவு 9:52

படத்தை குடுத்து ஒரு நம்பர் வாங்கறதுதான் வேலைனா சிடைப்ஸே போதும்ப்பா, பைத்தான் கூடவே வருது, உன் சி கோடுக்கு பைத்தான்னு ஒண்ணு இருக்கறதே தெரிய வேண்டாம், ரெஃப்கவுண்ட் தொல்லை இல்ல. ஒண்ணு மட்டும் மறக்காத, சி ஃபங்ஷன் என்ன டைப் திருப்புதுனு நீ சொல்லலைனா அது இன்ட்னு எடுத்துக்கும். பாயிண்டர் திருப்பற ஃபங்ஷனா இருந்தா 64 பிட் அட்ரஸ்ல பாதி வெட்டுப்பட்டு வரும். ரெஸ்டைப் (திருப்பற டைப்), ஆர்க்டைப்ஸ் (வாங்கற டைப்) ரெண்டையும் எப்பவும் எழுது. லிஸ்ட், டிக்‌ஷனரினு பைத்தான் ஆப்ஜெக்ட்டையே சி-க்குள்ள கட்டணும்னா அப்ப மாட்யூல் எழுது.

இன்னொரு விஷயம், சிடைப்ஸ்ல சாதாரணமா லோட் பண்ற லைப்ரரின்னா சி ஓடற நேரம் ஜிஐஎல் பூட்டை (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் பைத்தானை ஓட்டலாம்ங்கற பூட்டு) அதுவே விட்டுடும், மத்த த்ரெட் ஓடும். மாட்யூல் எழுதினா நீயா விடணும், விட்டிருக்கற நேரத்துல பைத்தான் ஆப்ஜெக்ட் எதையும் தொடக் கூடாது.

---

கொலுசுப்பட்டறை | செவ்வாய் இரவு 9:15

பழைய_சி_ஆள் அண்ணா, நீங்க சொன்ன மாதிரி கெட்டாப் செட்டாப் போட்டேன், அஞ்சு மணி தாண்டி ஏழரை வரைக்கும் நிக்காம ஓடுச்சு, அப்பாவுக்கு அவ்வளவு நிம்மதி. ஆனா புதுசா ஒண்ணு கிளம்பிடுச்சு. பில்லுல டிசைன் பேர் வர்ற இடத்துல சில சமயம் குப்பை எழுத்து வருது, சில சமயம் வேற ஆளோட பில்லுல வந்த பேர் வருது. முன்னாடி ஒரு தடவ கூட இப்படி வந்ததில்ல. செட்டாப் போட்டதால ஏதாச்சும் கெட்டுப் போச்சா?

---

பழைய_சி_ஆள் | செவ்வாய் இரவு 9:48

செட்டாப் எதையும் கெடுக்கல, ஏற்கனவே இருந்த தப்பை வெளிய கொண்டு வந்திருக்கு. பேரை லுவா_டுஸ்ட்ரிங் போட்டு எடுத்து அந்த பாயிண்டரை அப்படியே உங்க ஸ்ட்ரக்ட்ல வச்சுக்கிட்டீங்களா? அந்த பாயிண்டர் லுவாவுக்கு சொந்தமான மெமரி, ஸ்ட்ரிங் ஸ்டாக்ல இருக்கற வரைக்கும்தான் நம்பலாம். ஸ்டாக்ல இருக்கற எதையும் கார்பேஜ் கலெக்டர் (யாருக்கும் வேண்டாத மெமரிய சுத்தம் பண்ற லுவாவோட பகுதி) தொடாது. நேத்து வரைக்கும் நீங்க எதையுமே பாப் பண்ணாததால காலைல இருந்து வந்த அத்தனை பேரும் அங்கயே உயிரோட கிடந்துச்சு, பாயிண்டரும் வேலை செஞ்சுச்சு. இப்ப இறக்கி வச்சுட்டீங்க, கலெக்டர் வந்து எடுத்துட்டு போகுது, அதே இடத்துல அடுத்த ஸ்ட்ரிங் உக்காருது.

ஸ்கிரிப்ட்ல பேரை அப்படியே மேற்கோளுக்குள்ள எழுதியிருந்தா இது தெரியாம கூட போயிருக்கும், ஃபங்ஷன் இருக்கற வரைக்கும் அந்த ஸ்ட்ரிங்கும் இருக்கும். நீங்க பேரையும் சைஸையும் ஒட்டவச்சு புதுசா செய்யறீங்கனு நினைக்கறேன்.

பாப் பண்றதுக்கு முன்னாடி உங்க சொந்த இடத்துக்கு காப்பி பண்ணிக்கோங்க. சோதிக்கிறதுக்கு ஒரு வழி சொல்றேன், டெஸ்ட் பண்றப்ப மட்டும் ஒவ்வொரு கால் முடிஞ்சதும் லுவா_ஜிசி-ல முழு கலெக்‌ஷன் ஓட விடுங்க, கூடவே அட்ரஸ் சானிடைசர் (தப்பான மெமரிய தொட்டா உடனே காட்டிக் குடுக்கற கம்பைலர் வசதி) போட்டு கம்பைல் பண்ணுங்க. எப்பவோ ஒரு தடவ வர்ற தப்பு முதல் பில்லுலயே வந்து நிக்கும்.

---

கொலுசுப்பட்டறை | புதன் காலை 7:40

ஆமாண்ணா, பேரையும் சைஸையும் ஸ்கிரிப்ட்லதான் ஒட்டறேன், கரெக்டா சொன்னீங்க. 32 பைட் அரே வச்சு எஸ்என்பிரின்ட்எஃப்-ல காப்பி பண்ணேன், குப்பை எழுத்து நின்னுடுச்சு. ஆனா "சலங்கை கொலுசு 10 இன்ச்"னு வர வேண்டியது "சலங்கை கொலு"னு நிக்குது.

---

மலைக்காப்பி | புதன் காலை 8:20

எழுத்தை பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறைல தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் 3 பைட். "சலங்கை"ல ச, ல, ங, புள்ளி, க, ஐகாரக் குறினு 6, அது 18 பைட். ஸ்பேஸ் 1. மீதி 12 பைட்ல க, ஒகரக் குறி, ல, உகரக் குறி. மொத்தம் 31, கடைசி ஒண்ணு முடிவுக்குறி, 32 தீந்துச்சு. எழுத்து முழுசா நின்னதே தற்செயல்தான், வெட்டு விழற இடத்துக்கு முன்னாடி ரெண்டு ஸ்பேஸ் வந்திருந்தா நடுவுல அறுந்து கட்டம் கட்டமா வந்திருக்கும். லுவா_டுஎல்ஸ்ட்ரிங் போட்டா நீளத்தையும் பைட்ல சேத்தே குடுக்கும், அதோட 1 கூட்டி மால்லாக் பண்ணி (அத்தனை பைட் மெமரி கேட்டு வாங்கி) காப்பி பண்ணுங்க.

---

பழைய_சி_ஆள் | புதன் காலை 9:02

மால்லாக்னு வந்ததால ஒண்ணு சேத்துக்கறேன். லுவால எர்ரர் வந்தா லாங்ஜம்ப் போட்டு நேரா பீகாலுக்கு தாவிடும், நடுவுல இருக்கற உங்க சி வரிங்க ஓடவே ஓடாது. ஸ்கிரிப்ட் கூப்பிடற சி ஃபங்ஷன்ல முதல்ல மால்லாக் பண்ணிட்டு அப்புறம் லுவாஎல்_செக்நம்பர் போட்டீங்கன்னா, அங்க நம்பருக்கு பதிலா வேற ஏதாச்சும் வந்த உடனே தாவிடும், ஃப்ரீ பண்ற வரி கிட்டயே வராது. ஆர்க்யுமென்ட் எல்லாத்தையும் முதல்ல செக் பண்ணி முடிச்சுட்டு அப்புறம் மெமரி வாங்குங்க, இல்லன்னா மெமரியையே லுவா_நியூயூசர்டேட்டா-வா வாங்கினா கலெக்டரே பாத்துக்கும். பீகால் இல்லாம எர்ரர் வந்தா ப்ரோக்ராமையே மூடிடும், அதனால ஸ்கிரிப்ட் ஃபைலை முதல்ல லோட் பண்றப்ப வர்ற ரிட்டர்ன் நம்பரையும் செக் பண்ணுங்க, அதை ஓட விடறதையும் பீகால்லயே வைங்க, அப்பா ஒரு அடைப்புக்குறிய விட்டுட்டா மெஷினே படுத்துடக் கூடாது.

அப்புறம், தட்டு காலியா இருக்கறப்ப கணக்கை ஏன் கூப்பிடறீங்க? எடை நிலையா நின்னப்புறம் ஒரு தடவ கூப்பிட்டா போதும்.

---

கடைசிவருஷம் | புதன் இரவு 8:05

அக்கா, சிடைப்ஸ்ல போட்டேன், ரெஸ்டைப் எழுதினேன், ஓடுது! இனி டெஸ்ட்டை பெரிய நம்பர் போட்டு மாத்தி எழுதணும்.

---

கொலுசுப்பட்டறை | சனி இரவு 9:30

வியாழக்கிழமை காலைல ஆன் பண்ணது அணைக்காம மூணு நாளா ஓடுது. ஒவ்வொரு எடை முடிஞ்சதும் கெட்டாப்பை லாக்-ல எழுத வச்சேன், இப்ப வரைக்கும் எல்லா வரியும் 0. எடை நின்னப்புறம்தான் கூப்பிடறேன். இன்னைக்கு சாயந்திரம் வேணும்னே ஸ்கிரிப்ட்ல ஒரு அடைப்புக்குறிய எடுத்துட்டு பாத்தேன், எந்த வரில தப்புனு ஸ்கிரீன்ல சொல்லிட்டு பழைய கணக்குலயே ஓடுச்சு. பில்லுல "சலங்கை கொலுசு 10 இன்ச்" முழுசா வருது. சனிக்கிழமை கூலி குடுக்கற நாள், அப்பா நோட்டுல எழுதினதும் மெஷின் சொன்னதும் பைசா மாறல. குகை ஏரியால இருந்து ஒரு பட்டறைக்காரர் வந்து பாத்துட்டு அவங்களுக்கும் வேணும்னு கேட்டிருக்காரு, அவங்களுக்கு கூலி ஜோடி கணக்கு மட்டும்தான், லுவா ஃபைலை மட்டும் மாத்தி நாளைக்கு கொண்டு போறேன்.